வாலறுந்த சொல்

காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்கும்போதே அவனுக்குப் பிடரியில் ஆணி அடித்த மாதிரி ஒரு இழுப்பு இருக்கும். நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கிறவனுக்கு வேறு எங்கே வலிக்கும்? டவர் கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுப்பது அவன் வேலை. கொக்கி மேலே போனால் அவன் கழுத்தும் கூடவே போகும், கீழே வந்தால் கூடவே வரும். அதனால் சைட்டில் அவனுக்குக் கொக்கு என்று பெயர் விழுந்துவிட்டது. சம்பளம் போடுகிறவர்கூட ஒருமுறை வாய் தவறி அப்படித்தான் கூப்பிட்டார்.

வலியைக்கூட அவன் பொறுத்துக்கொள்வான். அண்ணாந்தால் தெரிகிற ஆளைத்தான் பொறுக்க முடியவில்லை. கிரேன் உச்சியில், கண்ணாடிக் கேபினுக்குள், கால்களை அகட்டிப் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆப்பரேட்டர் அவன் மனைவிக்குச் சொந்த அண்ணன். அவனுக்குப் பெரிய மச்சான். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

மழைக்காலத்துக்கு முன்புவரை அவர்கள் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "மாப்பிள்ளை, காத்து ஜாஸ்தியா இருக்கு, கயிறு ஆடுதா பாருங்க. ஓவர்." "ஆடல மச்சான், எறக்குங்க. ஓவர்." வாக்கி டாக்கியில் அவர்கள் பேசுவதைக் கேட்டால் யாரோ விருந்துக்கு அழைக்கிற மாதிரி இருக்கும் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

அதைக் கெடுத்ததும் அதே வாக்கிதான்.

ஒருநாள் டீ வேளையில் அவன் பலகை அடுக்குக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தான். அண்ணனுக்குக் கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறதாம், அண்ணி சொன்னாள், யாரிடமும் சொல்லவேண்டாம் என்றாளாம் என்று மனைவி சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே, "தலை சுத்துற ஆளு எதுக்கு மேல ஏறணும்? என்னைக்காவது எங்க தலைமேலயே போடறதுக்கா? உங்கண்ணனை வீட்ல படுத்துக்கச் சொல்லு" என்றான். வாக்கியை உறையில் மாட்டாமல் இடுப்பில் செருகியிருந்தான். குந்தியதில் வயிற்று மடிப்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் வாக்கியின் பேசும் பொத்தான் அமுங்கிக் கிடந்தது. அவன் சொன்னதெல்லாம் சைட்டில் இருந்த அத்தனை வாக்கியிலும் கேட்டது. வாட்ச்மேன் கேட்டார், ஸ்டோரில் கேட்டார்கள், மேனேஜர் மேசையிலும் கேட்டது. உச்சியில் இருந்தவரும் கேட்டார். பொத்தானை அமுக்கி அமுக்கி, "டேய், வாயை மூடு" என்று கத்தினாராம். ஒருவன் அமுக்கி வைத்திருக்கும்போது அடுத்தவன் பேச்சு ஏறாது. கண்ணாடிக்குள் அவர் வாய் அசைந்ததைக் கீழே இருந்தவர்கள் பார்த்தார்கள். சத்தம் வரவில்லை.

அன்றே அவரைக் கீழே இறக்கினார்கள். டாக்டர், ரத்தம், ஸ்கேன், மாத்திரை என்று அலைந்தார். நல்ல வேளை, பெரிதாக ஒன்றும் இல்லை, ரத்த அழுத்தம். பல வாரம் வீட்டில் உட்கார்ந்துவிட்டு ஒரு நிபந்தனையோடு திரும்ப ஏறினார். இனி சின்னதாக ஏதாவது நடந்தாலும் அந்த சீட் போய்விடும். இந்த சைட்டில் மட்டுமல்ல. கிரேன் உலகம் சின்னது. ஓரிடத்தில் இறக்கிய ஆளை இன்னோர் இடத்தில் ஏற்றமாட்டார்கள். அந்த வயதில் கீழே வந்தால் அவர் செங்கல்தான் தூக்கவேண்டும்.

திரும்பி வந்த அன்று எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இடுப்புல பொத்தான் அமுங்கிச்சாம். வாய் ஏன்டா அமுங்கல?"

"வேணும்னு பண்ணல மச்சான்."

"யாருடா உனக்கு மச்சான்? என் தங்கச்சிக்குப் புருஷன், அவ்வளவுதான். அது அவ தலையெழுத்து."

அதோடு மாப்பிள்ளையும் போயிற்று, மச்சானும் போயிற்று. வாக்கியில் இப்போது அவர் பெயர் 'மேல', இவன் பெயர் 'கீழ'.

தினமும் காலையில் வேலை தொடங்குமுன் ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கவேண்டும். அது விதி. இவன் பேட்டரியைத் தட்டி மாட்டி, பொத்தானை அமுக்கி, "மேல. கேக்குதா?" என்பான். மேலே இருந்து வார்த்தை வராது. 'டிக், டிக்.' பொத்தானை இரண்டு முறை தட்டும் சத்தம் மட்டும் வரும். கேட்கிறது என்று அர்த்தமாம். உன்னிடம் பேச எனக்கு எச்சில் கிடையாது என்றும் அர்த்தம். ஏற்று என்றாலும் டிக் டிக், இறக்கு என்றாலும் டிக் டிக். சொன்ன வார்த்தையைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்பதும் விதிதான். சைட்டின் பாதுகாப்பைப் பார்க்கிற சேஃப்டி மேடம் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் திருப்பிச் சொல்வார், செய்தி வாசிக்கிற குரலில்.

இவனும் சளைத்தவனல்ல. பேசி முடித்தாயிற்று என்பதற்குக் கடைசியில் 'ஓவர்' சொல்வதை விட்டுவிட்டான். அது ஏதோ மரியாதை கொடுப்பதுபோல இருந்தது. வார்த்தையைக் கடித்துத் துப்பினான். பொத்தானை அமுக்கும்போதே வாயைத் திறந்தான், வாயை மூடுமுன்பே பொத்தானை விட்டான். சூடான சட்டியைத் தொட்டுவிட்டுக் கையை இழுப்பதுபோல.

"நீங்க ரெண்டு பேரும் பேசறதைக் கேட்டா எனக்கே காது சுளுக்குதுய்யா" என்பார் கம்பி கட்டுகிறவர். மேல்தளத்தில் கொக்கு நிற்கிற இடத்தில்தான் அவருக்கும் வேலை. மெலிந்த ஆள். குறடைச் சுழற்றினால் கம்பி முடிச்சு விழுவது கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு வேகம். வாயும் அவ்வளவு வேகம். "ஒருத்தன் தட்டறான், ஒருத்தன் துப்பறான். நடுவுல தொங்கறது டன் கணக்கு இரும்பு. எனக்கு ஒரு குடை வாங்கிக் குடுங்கப்பா."

"உங்க வேலையைப் பாருங்கண்ணே."

"என் வேலையே நீங்க எறக்கற இரும்புக்குக் கீழ நிக்கறதுதானடா."

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லிஃப்டுக்காக எழுப்பிய சுவருக்குப் பின்னால் கம்பிக் கட்டு ஒன்றை இறக்கவேண்டியிருந்தது. அந்த மூலை கேபினிலிருந்து தெரியாது. சுவர் மறைக்கும். அந்த மாதிரி இடத்தில் ஆப்பரேட்டருக்குக் கண் கிடையாது, காது மட்டும்தான். கீழே இருப்பவன் விடாமல் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். பேச்சு நின்றால் கொக்கி நிற்கவேண்டும்.

"எறக்கு."

டிக் டிக்.

"எறக்கு. எறக்கு. மெதுவா. நில்லு."

கட்டு ஒரு சாண் உயரத்தில் நின்றது. கீழே இரண்டு மரக்கட்டைகள் வைத்திருந்தார்கள், இறக்கிய பிறகு கயிற்றை உருவி எடுக்க வசதியாக. ஒரு கட்டை கோணலாகக் கிடந்தது. கம்பிக்காரர் குனிந்தார். "இரு, இதைத் திருப்பி விட்டுடறேன்" என்று கையை உள்ளே விட்டார். குச்சியால் தள்ளியிருக்கலாம். குச்சி பக்கத்திலேயே கிடந்தது. கையை விடுவது எல்லோரும் எப்போதும் செய்வதுதான்.

மேலிருந்து பொறுமை இல்லாமல் ஒரு தட்டு வந்தது. 'டிக்.' என்ன தூங்கறியா என்று கேட்கிற தட்டு.

கொக்குக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பதை 'நில்லு' என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு வார்த்தை வந்தது. "எறக்காத!" என்று துப்பினான்.

டிக் டிக்.

கட்டு இறங்கியது.

"நில்லு! நில்லு! தூக்கு! யோவ் தூக்குயா!" அவன் கத்திய கத்தலுக்கு வாக்கியே தேவைப்பட்டிருக்காது. கட்டு மேலே போனது. கம்பிக்காரர் பின்னால் விழுந்து உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் ஏந்தி, கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையுறையின் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது, இஸ்திரி போட்ட மாதிரி. கொக்கு ஓடிப்போய் அதைக் கழற்றக் கை நீட்டினான்.

"கழட்டாத" என்றார் அவர். குரல் நடுங்கவில்லை. "உள்ளயே இருக்கட்டும். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. கழட்டினா சிந்திடும்."

ஆம்புலன்ஸ் போன பிறகு மேனேஜரின் கண்டெய்னர் அறையில் நாலு பேர் ஆறு பேரின் மூச்சை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஏ.சி. வெறுமனே சத்தம் போட்டது. மேனேஜர், சேஃப்டி மேடம், கொக்கு, ஆப்பரேட்டர். அவர் கேபினிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார். கால்சட்டை முழங்காலில் ஏணியின் கிரீஸ்.

"நீ என்னப்பா சொன்ன?" மேனேஜர் கொக்கைக் கேட்டார்.

"எறக்காதன்னு சொன்னேன் சார்."

"நீ?"

"எறக்கன்னு கேட்டுச்சு. எறக்கினேன்."

"எறக்காதன்னா அதுக்கு நேர்மாறுய்யா."

"சார், எனக்குத் தமிழ் தெரியும். அவன் வாயில இருந்து வந்தது 'றக்க'. எறக்குன்னு சொல்றான்னுதான் எடுத்துக்கிட்டேன். நான் என்ன ஜோசியம் பார்க்கணுமா?"

வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வாசலில் அவரிடமும் ஒரு வாக்கி இருந்தது. "ஏதோ 'றக்க'ன்னு ஒரு சத்தம் வந்துச்சுங்க. நான் லாரிக்காரன்கிட்ட சண்டை போட்டுட்டு இருந்தேன். சரியா கவனிக்கல" என்று சொல்லிவிட்டு, இதில் தன் தலை உருளாது என்று தெரிந்ததும் நிம்மதியாக வெளியே போனார்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். ஆப்பரேட்டரின் முகத்தை உற்றுப் பார்த்தார். கேட்கக் காத்திருந்த கேள்வியைக் கேட்டார். "காலையில மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"தலை கிலை சுத்துச்சா?"

ஆப்பரேட்டர் திரும்பிக் கொக்கைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வசவு முழுக்க இருந்தது, அம்மாவிலிருந்து ஆரம்பித்து.

"சாவியைக் குடு. நாளைக்குக் காலையில முடிவு பண்ணிக்கலாம்."

சாவி மேசையில் விழுந்தது. கொக்கு அதையே பார்த்தான். அவன் சொன்னது 'எறக்காத'தான். அதில் பொய் இல்லை. பொத்தானை எப்போது விட்டான் என்பது அவன் கட்டைவிரலுக்குத் தெரியும். கட்டைவிரலை யாரும் விசாரிக்கவில்லை.

சேஃப்டி மேடம் மட்டும் வெளியே வரும்போது கேட்டாள். "'நில்லு'ன்னு ஏன் சொல்லல?"

"நின்னுட்டுதான் இருந்துச்சு மேடம்."

"சரி. காலையில மேல வந்து அதே இடத்துல, அதே மாதிரி சொல்லிக் காட்டுங்க. கீழ மேனேஜர் கேக்கட்டும்."

வீட்டுக்குப் போனபோது செய்தி அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி தட்டை வைத்த வேகத்தில் அது ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"எங்கண்ணன் சீட்டு போயிடுமா?"

"நானா எறக்கினேன்? அவருதான் எறக்கினாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எறக்காதன்னு."

"முழுசா சொன்னீங்களா?"

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "என்னடி கேள்வி இது?"

"கேக்கறேன். பத்து வருஷமா உங்ககூடக் குடும்பம் நடத்தறேன். முழு வார்த்தை எப்ப பேசியிருக்கீங்க? 'சாப்பா.' 'போற.' 'வேணா.' வேணுமா வேணாமான்னு நான் மூஞ்சியப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும். எங்கண்ணன் அந்த உசரத்துல இருந்து உங்க மூஞ்சிய எப்படிப் பார்ப்பாரு?"

"ஓஹோ. அண்ணன் பக்கம் பேசறியா?"

"நான் யார் பக்கமும் பேசல. அங்க அண்ணி இருக்கா, ரெண்டு புள்ளைங்க இருக்கு, அவரோட மாமியார் வேற. எல்லாரும் அந்த ஒரு சீட்லதான் உக்காந்திருக்காங்க. முன்னாடி ஒருதரம் எறக்கி விட்டீங்க. அப்ப பொத்தான்னு சொன்னீங்க. நம்பினேன். இந்தத் தடவையும் பொத்தானா?"

அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். பதில் சொல்ல வாயைத் திறந்து பாதியில் மூடினான். அதைப் பார்த்து அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

காலையில் மேல்தளத்தில் சேஃப்டி மேடமும் அவனும் நின்றார்கள். சுவருக்குப் பின்னால் ரத்தத்தை மண் போட்டு மூடிய இடத்தை இருவரும் மிதிக்காமல் நின்றார்கள். கொக்கியில் சுமை இல்லை. கேபினும் காலி. மேனேஜரும் ஆப்பரேட்டரும் கீழே கண்டெய்னர் அறையில் ஆளுக்கொரு வாக்கியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"நேத்து சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்றாள் மேடம்.

அவன் பொத்தானை அமுக்கினான். ஒரு மூச்சு விட்டான். "எறக்காத" என்றான், பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி. ஒரு மூச்சு கழித்துப் பொத்தானை விட்டான்.

மேனேஜர் குரல் வந்தது. "எறக்காத. நல்லா கேக்குது."

"இன்னொரு தரம்."

"எறக்காத."

"எறக்காத. கண்ணாடி மாதிரி கேக்குதே" என்றார் மேனேஜர். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னதும் கேட்டது: "என்னய்யா, இதுவா உனக்கு எறக்கன்னு கேட்டுச்சு? அப்போ கோளாறு வாக்கில இல்ல, உன் மண்டையிலதான்."

மேடம் அவன் கட்டைவிரலைப் பார்த்தாள். "தினமும் இப்படித்தான் சொல்வீங்களா? இவ்வளவு நிதானமா?"

"ஆமா மேடம்."

அதை மறுக்க அவளிடம் சாட்சி இல்லை. மூன்றாவது தரமும் சொன்னான். நான்காவது தரமும் சொன்னான். ஒவ்வொரு தரமும் அந்த 'த' முழுசாகப் போய் இறங்கியது. ஒவ்வொரு 'த'வும் மேலே இருக்கிற சீட்டிலிருந்து ஒரு போல்டைக் கழற்றியது. அவனுக்கு அது தெரிந்தது. கழுத்தைத் தூக்கிக் காலியான கேபினைப் பார்த்தான். முதல் தடவையாக அந்தப் பக்கம் பார்க்கப் பிடரி வலிக்கவில்லை.

"போதும்" என்றது மேனேஜர் குரல். "எனக்குத் தெளிவாயிடுச்சு. மேடம், நீங்க எறங்கி வாங்க."

அப்போது வாக்கி மறுபடி கரகரத்தது. ஆப்பரேட்டர். பல மாதத்துக்குப் பிறகு அவர் தட்டாமல் பேசினார்.

"என்ன மாப்பிள்ளை."

கொக்குக்குத் தோள் விறைத்தது.

"சௌக்கியமா மாப்பிள்ளை? நல்லாத்தான் ஒப்பிக்கறீங்க. என் தங்கச்சி சொல்லிக் குடுத்தாளா? ராத்திரி பூரா உக்காந்து படிச்சீங்களா?"

"மேனேஜர் சார், இதெல்லாம் என்ன பேச்சு" என்று மேடம் தன் வாக்கியை எடுத்தாள். ஆப்பரேட்டர் விடவில்லை. பொத்தானை அமுக்கியே வைத்திருந்தார். இந்த முறை அமுக்கி வைத்திருப்பது அவர், கேட்டுக்கொண்டு நிற்பது இவன்.

"சீட்டுல உக்காரப் போறது யாரு மாப்பிள்ளை, நீங்களா? ஏறத் தெரியுமா? ஏணியில பாதி போனதும் பொண்டாட்டிக்குப் போன் போட்டு, பயமா இருக்குடின்னு ஊருக்கே கேக்கற மாதிரி அழுவீங்களே. அன்னைக்கு என் மானத்தை வித்தீங்க. நேத்து ஒருத்தன் கையை வித்தாச்சு. வீட்ல இன்னும் என்ன மாப்பிள்ளை இருக்கு விக்கறதுக்கு?"

பேச்சு அறுந்தது. பொத்தானை விட்டுவிட்டார். கொக்கு வாக்கியை வாயில் இடித்துக்கொண்ட மாதிரி தூக்கினான்.

"எங்கிட்ட பேசாத!"

கீழே இருந்து மேனேஜர் குரல் வந்தது, குழம்பிப்போய்: "யாரை? யாரைப் பேசச் சொல்ற? நானா பேசணும்? என்னப்பா பேசணும் உன்கிட்ட?"

மேடம் கொக்கைப் பார்த்தாள். பிறகு தன் வாக்கியை எடுத்து அமுக்கி, ஒரு மூச்சு விட்டு, நிதானமாகக் கேட்டாள். "சார், உங்களுக்கு என்ன கேட்டுச்சு? கேட்டதை அப்படியே சொல்லுங்க. ஓவர்."

"'கிட்ட பேச'ன்னான். என்கிட்ட பேசணும்ங்கறான்போல."

"அவர் சொன்னது 'எங்கிட்ட பேசாத'. ஓவர்."

பதிலாக வந்தது டிக் டிக். இரண்டு தட்டு. கீழே ஆப்பரேட்டர் பொத்தானைத் தட்டினார். கேட்டதா என்று அது கேட்டது. கொக்குக்கு இரண்டு கன்னத்திலும் விழுந்த மாதிரி இருந்தது.

மனுஷன் என்னை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்து வைத்திருக்கிறான் என்று அவன் நினைத்தான். அதற்காகவும் அவரை வெறுத்தான்.

அன்று யாருக்கும் வேலை போகவில்லை. அது மேனேஜரின் நல்ல மனசு இல்லை. கான்கிரீட் போடும் தேதி நெருங்கியிருந்தது. "ரெண்டு பேரையும் அனுப்பிட்டா கிரேனை யாரு ஓட்டறது, எங்க மாமனாரா?" என்று அவர் கத்தினார். "எறங்கினவன் ஏறித் தொலை. நின்னவன் நின்னு தொலை. அடுத்த தடவை ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டி நானே மேல இருந்து எறக்கறேன்."

பேச வேண்டியதை மேடம்தான் பேசினாள். இருவரையும் எதிரெதிரே நிற்க வைத்தாள். இருவரும் அவள் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னையில இருந்து வாக்கியில 'எறக்காத' கிடையாது, 'தூக்காத' கிடையாது, 'வேண்டாம்' கிடையாது. நம்ம பேச்சுல மறுப்பு கடைசியிலதான் வருது. வாலை வெட்டிட்டா செய்யாதங்கறது செய்யுன்னு ஆயிடுது. தடுக்கணும்னா ஒரே வார்த்தை. நில்லு. நின்னுட்டிருந்தாலும் நில்லுதான். மூணு தடவை. பொத்தானை அமுக்கி ஒரு மூச்சு விட்டுப் பேசணும். பேசி ஒரு மூச்சு விட்டுப் பொத்தானை விடணும். கடைசியில ஓவர். அது மரியாதைக்கு இல்ல. வால் வெட்டுப்பட்டா அந்த ஓவர் வெட்டுப்படட்டும்னுதான். மேல இருக்கறவங்க தட்டக்கூடாது. என்ன கேட்டுதோ அதைத் திருப்பிச் சொல்லணும். சொல்லாம கை வைக்கக் கூடாது."

"அவன் சொல்றதையெல்லாம் நான் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லணுமா?" என்றார் ஆப்பரேட்டர்.

"ஆமா."

"அவர் திருப்பிச் சொல்ற வரைக்கும் நான் காத்துட்டு நிக்கணுமா?" என்றான் கொக்கு.

"ஆமா."

"இதுக்கு அவரோட சேர்ந்து வாழ்ந்துடலாம்" என்றான் அவன். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவர்கள் முன்பைவிட அதிகம் பேசினார்கள். பகை குறையவில்லை. அதற்கு வார்த்தை கிடைத்திருந்தது.

"எறக்கு. ஓவர்."

"எறக்கு. ஓவர்." இவன் குரலைப் போலவே, மூக்கால், ஒரு இழுப்போடு அவர் சொல்வார்.

"நில்லு நில்லு நில்லு. ஓவர்."

"நில்லு நில்லு நில்லு. ஓவர்." இந்த இடத்தில் அவர் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டுவது கண்ணாடி வழியே தெரியும். கீழே இருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. இவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மூச்சு முழுக்கக் காத்திருந்து பொத்தானை விடுவான். அந்த ஒரு மூச்சு ஒரு வருஷம் மாதிரி இருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு இருவரும் போனார்கள், தனித்தனியாக. ஒருவர் வண்டி நிற்பதைப் பார்த்து மற்றவன் டீக்கடையில் உட்கார்ந்து, வண்டி போன பிறகு உள்ளே போனான். கம்பிக்காரர் இருவரிடமும் ஒரே மாதிரி தலையாட்டினாராம். அவ்வளவு வாயுள்ள மனுஷன் ஒன்றும் பேசவில்லையாம்.

கைக்கட்டைப் பிரித்த பிறகு அவர் திரும்பி வந்தார். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும்தான் இருந்தன. மற்ற இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். குறடு பிடிக்க முடியாது. அதனால் அவரை அந்தச் சுவருக்குப் பின்னாலேயே காவலாக நிறுத்தினார்கள். கொக்கி வரும்போது அதன் கீழே யாரும் கையை விடாமல் பார்த்துக்கொள்வது வேலை. சம்பளம் பாதி. கையில் ஒரு வாக்கி கொடுத்தார்கள். மேடம் அதை இடது கையில் கொடுத்தாள். அவர் வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"பொத்தான் அமுக்க இது போதும்மா" என்றார். "கடவுள் பார்த்துத்தான் மிச்சம் வச்சிருக்கான்."

முதல் நாள் காலையில் கொக்கு வழக்கம்போலக் கூப்பிட்டான். "மேல. கேக்குதா? ஓவர்."

"கேக்குது. ஓவர்" என்றார் ஆப்பரேட்டர்.

"அண்ணே, உங்களுக்குக் கேக்குதா? ஓவர்."

கம்பிக்காரர் அவனுக்குப் பக்கத்தில்தான், கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் அவனைப் பார்த்துப் பேசவில்லை. வாக்கியை வாய்க்குக் கொண்டுபோனார். பொத்தானை அமுக்கினார். ஒரு மூச்சு விட்டார்.

"கேக்குது. ரெண்டு பேரும் இருக்கீங்கல்ல? கேட்டுக்கங்க. ஆஸ்பத்திரியில தனித்தனியா வந்தீங்க. சேர்ந்து இருக்கும்போது சொல்லணும்னு வச்சிருந்தேன். மூணு விரல் போயிடுச்சு. கம்பிக் கட்டுக்கு அடியில கையை விட்டது நானு. அதனால ஒண்ணு என் கணக்கு."

ஸ்டோரில் கேட்டார்கள். வாசலில் வாட்ச்மேன் கேட்டார். மேனேஜர் மேசையிலும் கேட்டது. அவர் அமுக்கியே வைத்திருந்ததால் யாரும் குறுக்கே பேச முடியவில்லை. குறடு பிடித்த காலத்து வேகமெல்லாம் போய், ஒவ்வொரு வார்த்தையாக முழுசாகச் சொன்னார்.

"மீதி ரெண்டு. மேல இருக்கறவன் தட்டினதுக்கு ஒண்ணு. கீழ இருக்கறவன் துப்பினதுக்கு ஒண்ணு. ஆளுக்கொரு விரல் எனக்குத் தரணும். பாக்கி. ஓவர்."

ஒரு மூச்சு விட்டு, பொத்தானை விட்டார்.

திருப்பிச் சொல்லவேண்டும் என்பது விதி. கொக்கு அண்ணாந்து பார்த்தான். பிடரியில் ஆணி இறங்கியது. கண்ணாடிக்குள் அவர் வாக்கியை வாயருகே வைத்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். இவன் கட்டைவிரலும் பொத்தான் மேல்தான் இருந்தது.

"என்னப்பா" என்றார் கம்பிக்காரர், இப்போது வெறும் வாயால். "கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்க."

யார் முதலில் அமுக்கியது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அமுக்கினால் ஒன்றும் புரியாது, வெறும் கீச்சுச் சத்தம்தான் வரும். அதுதான் வந்தது. பிறகு அது நின்று, மேலே இருப்பவர் குரல் தனியாக வந்தது. கிண்டல் இல்லை, மூக்கு இழுப்பு இல்லை.

"ஒரு விரல் பாக்கி. ஓவர்."

கொக்கு பொத்தானை அமுக்கினான். ஒரு மூச்சு விட்டான்.

"ஒரு விரல் பாக்கி. ஓவர்."